பதினோராவது முகம்

மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டில் ஜீப்பு நின்றபோதுதான் அனுசியா போனைத் திறந்தாள். தோட்டத்து ஆப்பைத் தொட்டதும் வெள்ளைத் திரையில் ஒரே வரி வந்தது: இந்த போனில் இது இயங்காது.

மறுபடி தொட்டாள். அதே வரி.

அவளையும் சேர்த்துப் பதினோரு பொம்பளைகள் சிலமலை ஊரிலிருந்து கேரளாத் தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்க மலையேறுகிறார்கள். ஏழரைக்குள் ஒவ்வொருத்தி முகத்தையும் போனில் பிடித்துப் பேர் போடுவது அவள் சோலி. தோட்டத்தில் சிக்னல் கிடையாது. பிடித்த முகம் போனிலேயே கிடந்து, சாயங்காலம் இறங்கும்போது ஏதாவது வளைவில் சிக்னல் தட்டினால் தானாகப் போகும். வெள்ளியும் சனியும் போகவில்லை. கேரளா டவருக்கும் தமிழ்நாட்டு டவருக்கும் நடுவில் போன் கிடந்து அல்லாடியது. மூன்றாம் வேலைநாளும் பேர் விழாவிட்டால் கம்ப்யூட்டரே ஆளை லிஸ்டிலிருந்து தூக்கிவிடும். அந்த இடத்துக்கு வடக்கத்தி ஆட்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் காத்துக் கிடக்கிறார்கள்.

பீட்டா ஏற்றினால் சிக்னல் நன்றாக நிற்கும் என்று எவனோ வீடியோவில் சொன்னான். நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இன்னும் ஊருக்கு வராத அந்தப் புது ஓஎஸ்ஸை ஏற்றிவிட்டாள். 'இது சோதனைப் பதிப்பு, சம்மதமா?' என்று போன் மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் அமுக்கினாள். நீட்டிய காகிதத்திலெல்லாம் கைநாட்டு வைத்த வீட்டில் பிறந்தவள். பன்னிரண்டு படித்தும் அந்தக் கை மாறவில்லை.

போடியில் செல்போன் கடை வைத்திருக்கும் கிங்ஸ்லியைக் கூப்பிட்டாள். தூக்கக் கலக்கத்தில் பேசினான்.

"பீட்டாவா? ஏங்க்கா, என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. பழசுக்குப் போகணும்னா கம்ப்யூட்டர்ல மாட்டி எல்லாத்தையும் அழிக்கணும்."

"ரெண்டு நாள் பேரு உள்ள கெடக்கு தம்பி."

"அதுவும் போயிரும். கொண்டாங்க, மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தர்றேன்."

மத்தியானம்! இறங்கிவிடலாமா என்று நினைக்கும்போதே ஜீப்பு முதல் வளைவில் திரும்பியது. ஒரு பக்கம் ராக்குவின் முழங்கை, மறுபக்கம் ஒச்சம்மாளின் தொடை. காலை நகர்த்தக்கூட இடமில்லை.

"என்னடி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள் ஒச்சம்மாள்.

சொன்னாள். ஒச்சம்மாள் குரல் இன்ஜின் சத்தத்துக்கு மேலே ஏறியது.

"கொதிக்கிற ஒலையில எவளாச்சும் சட்டிய மாத்துவாளா? ஒன் கை நமைச்சலுக்கு எங்க பொழப்பா கெடைச்சது?"

தோட்டத்து வாசலில் சாரல். ராசிங்காபுரத்து ஜீப்புக்குப் பேர் போடும் தேவகிருபை விஷயம் தெரிந்து, தன் ஆட்களை முடித்துவிட்டுக் கேட்டாள்.

"என் லிஸ்டுல இருவது பேருதான் ஏறும். பத்து எடம் கெடக்கு. ஏத்திக்கவா?"

"நாங்க பதினொண்ணுக்கா."

"எண்ணத் தெரியும் எனக்கு. வெரசாச் சொல்லு, மணியாகுது."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒச்சம்மாள் முக்காட்டை விலக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகச் சேர, வரிசை தானாக நீண்டது. பத்தாவதாக ராக்கு. அவள் மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

"நான் வேணா..."

"நில்லுடி. ஏழு இருவத்தெட்டு" என்றாள் அனுசியா.

ராக்குவின் முகம் ஏறியதும் பச்சை டிக் விழுந்தது.

லிஸ்டில் இல்லாத ஆளைச் சூப்பர்வைசர் காட்டுக்குள் விடமாட்டார். கீழே போகலாம் என்றால் ஜீப்புகள் வேறு லோடுக்குக் கிளம்பியிருந்தன. இனி நாலு மணிக்குத்தான். பஸ்சு நிற்கும் ரோட்டுக்கு நடந்தால் ஒன்பது கிலோமீட்டர், அதுவும் ஆனைத்தடத்தில்.

தகரக் கொட்டகையில் உட்கார்ந்தாள். ஒச்சம்மாள் தன் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாள்.

"சும்மாதான இருக்க. கொரங்கு வரும், பாத்துக்க."

மற்றவர்களும் வரிசையாக வைத்துவிட்டுச் சரிவில் இறங்கினார்கள். ஏலச்செடிகளுக்குள் அவர்கள் பேச்சுச் சத்தமும் மறைந்தது. கூரை ஒழுக ஆரம்பித்தது. அனுசியா தூக்குச்சட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே நகர்த்தினாள்.