குளிர வைக்காத விளக்கு

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்தது இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது "எங்கேம்மா பிடிச்சீங்க இப்படி ஒரு கதையை?" என்று பாராட்ட, நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் பாருங்கள்.

போன வருஷம், தொண்ணூற்றைந்தில், ஒரு கல்யாணத்துக்காகக் கேமரன் மலைக்குப் போயிருந்தேன். பொழுது சாய்கிற நேரம். மலைச் சரிவில் பிளாஸ்டிக் கொட்டகைகள். உள்ளே ஆள் இல்லை, செடிகள்தான். அதற்கு மேலே வரிசை வரிசையாகக் குண்டு பல்புகள் எரியத் தொடங்கின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்பாங்கானில் என் தையல் கடையில் ஒரு பல்பு வீணாக எரிந்தாலே நான் பத்ரகாளி ஆகிவிடுவேன். செடிக்கு எதற்கு லைட்டு? உட்கார்ந்து படிக்கவா போகிறது?

அங்கே வேலை செய்கிற தங்கராஜு என்பவரிடம் இதையே கேட்டேன். அவர் சிரித்தார்.

"செவ்வந்திக்கா. ராத்திரில வெளிச்சம் இருக்கிற வரைக்கும் மொட்டு வைக்காது. எல மட்டும் போட்டுக்கிட்டே போகும். நல்லா ஒசந்ததும் லைட்ட அடைச்சிருவோம். அப்பறந்தான் பூக்கும்."

"அடைக்கவே இல்லன்னா?"

"பூக்காதுலா. அதுக்கு இருட்டு வேணும்."

மணமக்களை வாழ்த்தினேனா, சாப்பிட்டேனா, ஒன்றும் நினைவில்லை. அன்று முழுக்க எனக்குப் பஞ்சாலை என்கிற ஒருத்தியின் ஞாபகம்தான். இத்தனைக்கும் அவளை அதுவரை நான் பார்த்ததே கிடையாது.

2

தொடக்கம் ஒன்று: "ரெம்பாவிலிருந்து மூன்றாவது கட்டையில், கித்தா மரங்களின் பச்சைக் கடலுக்கு நடுவே…"

கடலாம், கடல். அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "ஒளி என்பது அறிவு, இருள் என்பது அறியா…"

இதைப் பள்ளிக்கூடத்தில் எழுதி எழுதியே கை தேய்ந்தது. நான் சொல்ல வந்ததற்கு நேர் எதிரி இந்த வாக்கியம். இதுவும் போகட்டும்.

தொடக்கம் மூன்று: நேராகச் சொல்லிவிடுவது.

ரெம்பாவிலிருந்து மூன்றாம் மைலில் இருந்த மூணாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் எண்பத்து நான்கு வரைக்கும் எஞ்சின் லைட்டுதான். ஒன்பது மணிக்கு எஞ்சின் நிற்கும். நின்றதும் கும்மிருட்டு. விடியற்காலையில் பால் வெட்டப் போக வேண்டியவர்கள் முடங்கிப் படுப்பார்கள். மழையில்லாத நாளில் லயத்து வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் கொள்ளாமல் நட்சத்திரம் இருக்குமாம். பிறகு கம்பி இழுத்துக் கரண்டு கொடுத்தார்கள். அந்தக் கரண்டுக்கு ஒன்பது மணி என்றால் என்னவென்று தெரியாது.

பஞ்சாலை அங்கே கித்தா மரத்தில் பால் வெட்டியவள். வேலை முடிந்து வந்ததும் மாரியம்மன் கோயில் பக்கத்தில் பாத்தி கட்டிச் செவ்வந்தி போடுவாள். "அது மலைப் பூ, இந்தச் சூட்டுக்கு வராது" என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் கைக்கு வந்தது. சித்திரைத் திருவிழாவில் அம்மன் கழுத்தில் விழுகிற முதல் மாலை அவள் தொடுத்ததுதான். 'முதல் மாலை, பஞ்சாலை மாலை' என்று பிள்ளைகள் பாட்டாகவே பாடுவார்களாம்.

[இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் சன்னாசி. அந்தத் தோட்டத்தில் மண்டோராக ஆள் மேய்த்தவர், கோயில் தலைவர். இப்போது அம்பாங்கானில் என் கடைக்கு அடுத்த வீடு. காலையில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மத்தியானம்வரை பேச்சுதான். எந்தப் பேச்சும் கடைசியில் பஞ்சாலையிடம் வந்து நின்றுவிடும். ஏன் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை.]

3

கரண்டு வந்த கையோடு, சிரம்பானில் கடை வைத்திருந்த சோலையப்பன் செட்டியார் சாமி கும்பிட வந்தார். "ஆத்தாள இப்படி இருட்டுல வச்சிருக்கீகளே" என்று வருத்தப்பட்டார். அடுத்த வாரமே பெரிய ஸ்போட்லைட் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. நல்ல மனுஷர். அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஊர்க்கூட்டம் போட்டு, கம்பத்தில் மாட்டிக் கோபுரத்தைப் பார்த்துத் திருப்பினார்கள். மாலையில் எரியத் தொடங்கினால் விடிகிறவரை எரியும். ரெம்பாவ் சாலையில் போகிறவன்கூட "ஓ, மூணாங்கட்டைக் கோயில்" என்பானாம். தோட்டமே நெஞ்சை நிமிர்த்தியது. பொறுக்குமா அடுத்த தோட்டத்துக்கு? அவர்கள் முனியாண்டிக்கு இரண்டு மாட்டினார்கள்.

பஞ்சாலை வீடு கோயிலுக்கு நேர் எதிரே. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கோயிலில் இருந்த மண்டோர் சன்னாசியிடம் வந்தாள்.

"மண்டோரய்யா, எல்லாரும் படுத்தப்பறம் அந்த லைட்ட அடைச்சா என்னாங்க? மூஞ்சில வந்து அடிக்குது. பள்ளிக்கூடம் போற புள்ள, தூங்க மாட்டேங்குறான்."

"என்னா பேச்சு பேசுற? அம்மன் வெளக்க அடைக்கிறதா? அது என்னா கட வாசலா?"

"பின்ன, அணைச்சு…"

"வாயக் கழுவு!"

கோயிலில் ஆள் இருந்தது. எல்லாரும் கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி நான் கொஞ்சம் கத்திக்கொள்கிறேன். நம் வீடுகளில் எண்ணெய் விளக்கை யாரும் அணைப்பதில்லை. அணைப்பது அமங்கலம். குளிர வைப்போம். பூவால் தொட்டு, திரியை உள்ளிழுத்து, 'நீ எரிந்தது போதும், ஓய்வெடு' என்று மரியாதையாக அனுப்பிவைப்போம். எவ்வளவு அழகான வார்த்தை! ஆனால் ஸ்போட்லைட்டைக் குளிர வைக்க நமக்குத் தோன்றவே இல்லை. அதற்கு 'அடை' இருந்தது, அது அவமரியாதை. 'அணை' இருந்தது, அது அபசகுனம். வார்த்தை கிடைக்காததால் அந்த விளக்கு விடிய விடிய எரிந்தது.

"அவ 'குளிர வைங்க'ன்னு கேட்டிருந்தா அடைச்சிருப்பீங்களா மண்டோரய்யா?" என்று பிறகு ஒரு நாள் கேட்டேன்.

"அடைச்சிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்" என்றார்.

4

அந்த வருஷம் செவ்வந்தி இடுப்பு உயரம் வளர்ந்தது. ஒரே பச்சை. ஒரு மொட்டு இல்லை.

திருவிழா நெருங்க நெருங்க ஆளுக்கு ஆள் வாய் திறந்தார்கள். கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். அப்புறம் ஒருத்தி கண்டுபிடித்தாள்: பஞ்சாலையின் தம்பி பகாவ் ஊரில் செத்து, கருமாதி முடியவில்லை. செடி வாடிவிடுமே என்று பஞ்சாலை பாதியில் ஓடிவந்து பாத்திக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. தீட்டுக் கை. அம்மன் கோபம்.

திருவிழாவுக்கு முந்தைய நாள் சன்னாசி அவளைக் கூப்பிட்டு, "இந்த வருசம் மால வேணாம். நீ உள்ள வராம இருந்தா நல்லது" என்றார். சிரம்பானிலிருந்து கடை மாலை வந்தது.

அவள் அழவில்லையாம். "எனக்கே தெரியுதுங்க. தம்பிக்கும் ஒழுங்கா அழல, ஆத்தாவுக்கும் ஒழுங்கா செய்யல" என்றாளாம்.

[இதை எழுதும்போது எனக்கே சந்தேகம். இப்படி ஒருத்தி இருப்பாளா? ரொம்பப் பொறுமைசாலியாக எழுதிவிட்டேனோ? சன்னாசிக்கு வாசித்துக் காட்டினேன். "இவ யாரு? பஞ்சால சரியான வாய்க்காரிம்மா. கணக்கெழுதுற கிராணி கூலிய கொறச்சப்ப ஆபீசு வாசல்லயே நின்னு அவன் பரம்பரையவே இழுத்தவ" என்றார். "அப்ப அன்னிக்கி மட்டும் ஏன் பேசாம போனா?" என்று கேட்டேன். "அதாம்மா எனக்கு இன்னிவரைக்கும் உறுத்துது. அவளே நம்பிட்டா" என்றார். ஆகவே அந்த வாக்கியம் அப்படியே இருக்கட்டும்.]

அடுத்த வருஷமும் பூக்கவில்லை. அவள் செடிகளைப் பிடுங்கிப் போட்டாள். அதற்கப்புறம் எந்தச் செடியும் வைக்கவில்லை.

5

கேமரனிலிருந்து திரும்பியதும் தங்கராஜு சொன்னதைச் சன்னாசியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அப்ப அம்மனுக்குக் கோவமே இல்லியா?"

"லைட்டுதான் மண்டோரய்யா."

"சுவிச்சு எங் கையிலதாம்மா இருந்திச்சி" என்றார். மூன்று நாள் கடைப் பக்கம் வரவில்லை.

அந்த மூன்று நாளில் நான் தைத்ததைவிட யோசித்ததுதான் அதிகம். கோபுரத்துக்கு அடித்த வெளிச்சத்தில் பாதி வானத்துக்குப் போனது. வானம் கேட்டதா? மீதி பஞ்சாலையின் பாத்திக்கும், அவள் பிள்ளையின் கண்ணுக்கும் போனது. அம்மனோ உள்ளே, கருவறையில் இருந்தாள். அவள் முகத்துக்கு ஒரு பொட்டு வெளிச்சம்கூடப் போகவில்லை, அவளுக்கு அந்தப் பழைய எண்ணெய் விளக்குதான். வாசல்படி தெரிய ஒரு சின்ன பல்பு, கீழே பார்த்த மாதிரி, ஆள் நடமாட்டம் ஓய்கிறவரை. அது போதாதா? எங்கேயோ எண்ணெயை எரித்துத்தான் அந்தக் கரண்டு வருகிறது. அதைக் கொண்டுவந்து ஒரு செடியைப் பூக்கவிடாமல் செய்திருக்கிறோம்.

ஒரு வீடு மட்டும் சிக்கனம் பார்த்து இது தீராது. பஞ்சாலை தன் வீட்டு விளக்கை எல்லாருக்கும் முன்னால் அடைக்கிறவள்தான். என்ன பிரயோசனம்? அவள் முற்றத்து இரவு அவளுடையதாக இல்லை. ஊரே சேர்ந்து கூட்டம் போட்டு மாட்டியதை ஊரே சேர்ந்துதான் குளிர வைக்க வேண்டும். அந்தக் கூட்டத்தை யாரும் போடவில்லை.

(கட்டுரை மாதிரி ஆகிவிட்டதா? ஆகட்டும். கோபம் வந்தால் எனக்குக் கதை வராது.)

6

பஞ்சாலை இப்போது நீலாயில், லாரி ஓட்டும் மகன் ராமசாமியின் வீட்டில் இருக்கிறாள். "போய்ச் சொல்லிடணும்மா" என்றார் சன்னாசி. நானும் கூடப் போனேன். "நாந்தான் சொல்லணும், நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று பஸ்ஸிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மகன் லாரியோடு வெளியூர் போயிருந்தான். அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். தொட்டிகளில் துளசி, கற்பூரவல்லி. பூச்செடி ஒன்றுகூட இல்லை.

"அட, மண்டோரய்யா! வாங்க, வாங்க. பசியாறுனீங்களா?"

தேத்தண்ணி வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள். கித்தாவை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டதைப் பற்றிப் பேசினார்கள்.

"கோயிலு இருக்குதுங்களா?"

"இருக்கு."

"மொத மால யாரு போடுறா?"

"கட மாலதான்."

அவள் துளசித் தொட்டியை நகர்த்தி வைத்தாள். பிறகு, "இங்கயும் ஒரு கோயிலு இருக்குதுங்க. வெள்ளிக்கெழம போவேன். வெளிய நின்னே கும்புட்டுட்டு வந்துருவேன். உள்ள போறதில்ல. எழவுத் தீட்டோட தண்ணி ஊத்துன கையி பாருங்க" என்றாள்.

சொல்லுங்க, சொல்லுங்க என்று எனக்கு நாக்கு அரித்தது. சன்னாசி வாயைத் திறந்தார். "தேத்தண்ணி நல்லாருக்கு" என்றார்.

தெருவிளக்கு எரியத் தொடங்கியது. அடுத்து ஃபேக்டரி லைட்டுகள். அந்தப் பக்கத்து வானம் முழுக்க ஆரஞ்சு நிறமாகிவிட்டது. நட்சத்திரம் என்று ஒன்றுகூட இல்லை. விடைபெற்றுக்கொண்டு வந்துவிட்டோம்.

பஸ்ஸில் சன்னாசி சொன்னார்: "நீ எழுதிடும்மா. அவ மகன் பேப்பரு வாங்குறான். படிச்சிக் காட்டுவான்."

"நீங்களே சொல்லியிருக்கலாமே!"

"லைட்டுதான்னு சொன்னா, அடைக்காதவன் யாருன்னும் சொல்லணுமில்ல" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோழை என்று திட்ட வந்தேன். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

7

முடிவு அ: ராமசாமி படித்துக் காட்டுகிறான். பஞ்சாலை சிரிக்கிறாள், மறுநாளே ஒரு செவ்வந்தி நட்டு… வேண்டாம். அவள் வாசலில் தெருவிளக்கு எரிகிறது. அங்கே அது பூக்காது.

முடிவு ஆ: பஞ்சாலை எழுந்து மண்டோரின் பரம்பரையை இழுக்கிறாள். எனக்கு இதுதான் ஆசை. ஆனால் என் ஆசைக்கு அவளை ஆட்டிவைக்க நான் யார்?

முடிவு இ: யாரும் படித்துக் காட்டவில்லை. அவள் அடுத்த வெள்ளிக்கிழமையும் வெளியே நின்று…

இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

ஆகவே ராமசாமி, இந்தப் பக்கம் உங்கள் கையில் கிடைத்தால், இவ்வளவோடு மடித்து வைத்துவிடுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். பிள்ளையில் உங்களைத் தூங்கவிடாத அதே விளக்குதான், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் ராமசாமி இல்லை, வேறு யாரோ என்றால் உங்களுக்கும் இதேதான். உங்கள் வீட்டு வெளிச்சம் போய் விழுகிற இடத்தில் யாராவது ஒருத்தி இருப்பாள்.

அம்மாவை வாசலுக்குக் கூப்பிடுங்கள். தெருவிளக்கை உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வாசல் லைட்டை முடியும். அதை அணைக்காதீர்கள், அடைக்காதீர்கள். குளிர வையுங்கள். எழுத்து தெரியாமல் போகும், பரவாயில்லை. நடந்தது என்னவென்று உங்களுக்கு இப்போது தெரியும்.

வாயால் சொல்லுங்கள்.