விழுங்கிய கேமரா

என் கணவருக்கு ரத்தம் குறைந்துகொண்டே வந்தது. பேச்சு குறையவில்லை.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. உதடு வெளுத்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் எழுந்துபோய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்துவிடுவார். விபத்தில் நசுங்கிய கார்களைப் படமெடுத்துச் சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் அவர். அலுவலகத்தில் 'மெகாபிக்சல்' என்று கூப்பிடுவார்கள். அது கேலி என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

அலமாரியின் மேல்தட்டில் ஃப்ளாப்பியில் படம் பதியும் பழைய பெட்டி. அதன் கீழே பாக்கெட் கேமராக்கள், அப்புறம் டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ், ஹெல்மெட்டில் மாட்டுகிற ஆக்‌ஷன் கேமரா. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறிய அட்டை, அதில் வகையும் மூலமும். முதல் டிஜிட்டல் கேமரா ஃபிலிம் விற்கிற கம்பெனியிலேயே பிறந்ததாம். பெற்ற வீடே பிள்ளையை வெளியே காட்டாமல் ஒளித்து வைத்ததாம். ஆக்‌ஷன் கேமரா, அலைச்சறுக்கு ஆடும் ஒருவருக்குத் தன்னைத்தானே படத்தில் பார்க்க வந்த ஆசையாம். போனுக்குள் இருக்கும் சென்சாரின் வேர் விண்கலங்களுக்காக நடந்த ஆராய்ச்சியில் இருக்கிறதாம். எல்லாவற்றின் பிறப்பும் அவருக்கு அத்துப்படி. எங்கள் மகள் எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தாள் என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார்.

ஆனால் போனை ஒரு கேமரா என்று அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. என் நாத்தனார் போனில் எடுத்த படத்தைக் காட்டினால், நன்றாக இருக்கிறது, ஆனால் இது படம் இல்லை என்று தங்கை என்றும் பாராமல் சொல்லிவிடுவார். அவர் தோளில் தொங்குவது பெரிய டிஎஸ்எல்ஆரும் மூன்று லென்ஸும் அடைத்த பை. தூக்கிய மகளை இறக்கிவிட்டாலும் அதை இறக்கமாட்டார். தோள் என்னத்துக்கு ஆகும், போன் போதாதா என்று பல வருஷமாகக் கேட்டுவந்தேன். 'கனம்தான் தரம்' என்பது அவருடைய வேதவாக்கு.

மேலிருந்தும் கீழிருந்தும் குழாய் விட்டுப் பார்த்தும் ரத்தம் எங்கே கசிகிறது என்று தெரியவில்லை. குழாய் எட்டாத சிறுகுடலைப் பார்க்க, மாத்திரை அளவில் ஒரு கேமராவை விழுங்கவேண்டும் என்றார் டாக்டர். அதுவரை தொங்கிக் கிடந்த இவர் முகம் நிமிர்ந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அதன் பூர்வீகத்தையும் படித்துவிட்டார். ஏவுகணைக்குக் கண் செய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவரின் யோசனையாம். அந்த ஏவுகணையே தன் வயிற்றில் இறங்கப்போவதுபோலப் பெருமையாகத் தட்டிக் காட்டினார். பயத்தை ஆளுக்கொரு போர்வையால் மூடுகிறார்கள். இவர் போர்த்திக்கொண்டது தகவலை. அடியில் இருப்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

விழுங்கவேண்டிய நாளில் பையோடு வந்தார். வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுவது உண்டா என்று நர்ஸ் கேட்டாள். ஒன்றும் கிடையாது என்றார். அவள் அவர் இடுப்பில் ரெக்கார்டர் பெல்ட்டைக் கட்டிவிட்டுக் கேப்சூலை உறையிலிருந்து எடுத்தாள். அது கண் சிமிட்டத் தொடங்கியது. இவர் பையைத் திறந்து, கிட்டத்தில் எடுக்கும் லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சார், அது ஆன் ஆயிடுச்சு. முழுங்குங்க."

"ரெண்டே ஷாட்ம்மா. வெளிச்சம் சரியில்ல."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. உதட்டைப் பிதுக்கினேன். அவர் நெற்றி வியர்த்திருந்தது. துடைக்கத் துணி தேடிப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். லென்ஸ் துடைக்கும் துணிக்கு அடியில் மாத்திரை அட்டைகள் ஒரு கட்டு. தோள் வலிக்குக் கடையில் கேட்டு வாங்குகிற ரகம். பெரும்பாலும் காலி. நான் வாய் திறப்பதற்குள் கேப்சூல் தொண்டையில் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, எப்போதோ வாங்கியது, தூக்கிப் போட மறந்துவிட்டேன் என்றார்.

கேப்சூல் தானாக வெளியே வந்துவிடும், தண்ணீர் ஊற்றிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அலமாரி வைத்திருப்பவர் ஊற்றுவாரா? விவரம் வேண்டாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டு டீ வடிகட்டி புதியது.

டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முடிவு கேட்கப் போனபோது எங்களை உட்காரவைத்துத் திரையைத் திருப்பினார். முதல் படத்தில் குடல் இல்லை. கறுப்பாக, வட்டமாக, ஒரு பெரிய லென்ஸ். அதன் இரண்டு பக்கமும் காது. தோளில் பையின் வார். தன்னைப் படமெடுத்த ஆளைக் கேப்சூலும் படமெடுத்திருக்கிறது. இத்தனை வருஷம் பார்த்தும் எனக்குக் கிடைத்த முகமும் இதேதான்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய கேமராவா, தோள் வலிக்காதா என்று கேட்டார். இவரோ, படத்தின் துல்லியம் போதாது என்று குறைபட்டுக்கொண்டார். தன் குடலையும் சேதமதிப்பீடு செய்ய வந்தவர்போல.

இளஞ்சிவப்புச் சுவர்கள் நகர்ந்துகொண்டே போய் ஓரிடத்தில் நின்றன. அங்கங்கே புண். பிறகு, மோதிரம்போல இறுகிச் சுருங்கிய ஓர் இடம்; அதன் விளிம்பில் ரத்தம். டாக்டரின் சிரிப்பு போயிருந்தது. நீண்ட நாள் வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி ஆகும், அதுதான் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆறுகிறதா என்று பார்க்கலாம் என்றார். அது இல்லையென்றால் வேறு கெட்டதைச் சந்தேகப்படவேண்டும். வயிற்றைத் திறந்து, அந்தத் துண்டை வெட்டியெடுத்துத்தான் பார்க்கவேண்டும்.

"யோசிச்சு சொல்லுங்க சார். வலி மாத்திரை போடுறீங்களா?"

"இல்லைங்க."

யோசிக்கவே இல்லை. மாத்திரை என்றால் வலி, வலி என்றால் பை, பை என்றால் நான் சொன்னது சரி. அந்தப் படியில் ஒன்று இறங்குவதைவிடக் கத்தியின் கீழே படுத்துக்கொள்வது அவருக்குச் சுலபம். வயிற்றைக் கிழிக்கட்டும், வீட்டுக்காரி ஜெயிக்கக் கூடாது. நான் இவ்வளவு பெரிய எதிரியா என்று ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை அசிங்கமாக இருந்ததால் உடனே பேசினேன்.

"டாக்டர், வயித்துல தேடவேணாம். பையில சைடு ஜிப்புல இருக்கு."

அவர் பையை மடியோடு அணைத்துக்கொண்டார். நான் ஜிப்பை இழுத்து, அட்டைகளை மேஜைமேல் போட்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கேப்சூலின் பேட்டரி எட்டு மணி நேரந்தான். அதுவே போதுமாக இருந்தது.

டாக்டர் ஒரு அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, எத்தனை வருஷமாக என்று கேட்டார். இவர் திரையைப் பார்த்தார். திரையில் அவருடைய ரத்தம்.

"காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. நாலஞ்சு வருஷமா," என்றார். அப்புறம், எனக்கா டாக்டருக்கா என்று தெரியாமல், "பை கனம்தான்."

அந்த இரண்டு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன். வந்தபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கத்தி இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் பையை நான் வாங்கிக்கொண்டேன். அவர் கொடுத்தார். ஆட்டோவில் ஏறியதும், மிரர்லெஸ் என்றால் எடை பாதிதான் என்று ஆரம்பித்தார். வெளியே திரும்பிக்கொண்டேன்.

கேப்சூல் இப்போது அலமாரியில், பஞ்சின்மேல். அட்டையில் 'வகை: விழுங்குவது. மூலம்: ஏவுகணை' என்று அவர் கையெழுத்து. மூலம் அதுவல்ல என்று எனக்குத் தோன்றியது. காலி மாத்திரை அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். தூசி துடைத்து, கோணலாக இருந்ததை நேராக்கி வைத்தார்.

உடம்பு விசாரிக்க வந்த நாத்தனார் கண்ணில் அது பட்டுவிட்டது.

"என்னண்ணா, காலி அட்டைய எல்லாம் வச்சிருக்கே?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"அது அக்சஸரி. பெரிய கேமராவோட சேந்து வரும்."

அவள் சிரித்துக்கொண்டே போனை எடுத்து அதைப் படமெடுத்தாள். இவர் எட்டிப் பார்த்தார். இது படம் இல்லை என்று சொல்லவில்லை. வெளிச்சம் சரியில்லை என்று மட்டும் சொன்னார்.