பத்தியப் படையல்

அக்லாயா சட்டியைத் திறந்ததும் வந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் புருஷன் தொயாதெருக்கு அன்று நாற்பதாம் நாள் படையல். அக்கம்பக்கத்தார் சாப்பிடுவது அப்படியே செத்தவனுக்குப் போய்ச் சேரும். புளிக்கவைத்த முட்டைக்கோஸ் இலையில் பன்றிக்கறியைச் சுருட்டி வேகவைத்த சார்மாலே என்றால் புளிப்பும் காரமும் நாக்கைச் சுண்டி இழுக்க வேண்டும். இவளுடையதோ புளிக்காத இலையில், கோழிக்கறியோடு, மிளகுகூட இல்லாமல் வெளுத்துக் கிடந்தது.

தெரிந்தேதான் செய்திருந்தாள். தொயாதெருக்குப் பல வருஷமாக நெஞ்செரிச்சல்; படுத்தால் புளித்த நீர் தொண்டைவரை ஏறும். புளிப்பு, காரம், கொழுப்பு, சாராயம் எதுவும் ஆகாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து வீட்டில் உப்புச்சப்பில்லாத சமையல்தான். அவனுக்குத் துணையாக அவளும் அதையே தின்றாள். கட்டிலின் தலைமாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினாள். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்போதெல்லாம் பால் கொடுத்தாள். எரிச்சல் தணியவில்லை. தன் சமையலில்தான் கோளாறு என்று வெங்காயத்தை விட்டாள், தக்காளியை விட்டாள். போன இடத்திலாவது அவனுக்கு எரியாமல் இருக்கட்டும் என்றுதான் இந்தப் படையலும்.

பக்கத்து வீட்டு சஃப்தா ஒரு வாய் தின்றுவிட்டுக் கரண்டியை வைத்தாள்.

“இதையா அக்கா அந்த மனுஷனுக்கு அனுப்புறே? எங்க வீட்டுல புளிச்ச இலையில பண்ணா, ஒத்தை ஆளா அரைச் சட்டிய காலி பண்ணுவாரே! மேல ரெண்டு கிளாஸ் சாராயம் வேற.”

“எப்போ?”

“எப்பவும்தான். பசுவுக்குத் தண்ணி காட்டப் போறேன்னு வருவாரே. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.” சஃப்தா சிரித்தாள். “வீட்டுல எம்பொண்டாட்டி பத்தியக் கஞ்சி ஊத்துறா, வாய் செத்துப்போச்சும்பாரு.”

அக்லாயாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவன் செத்ததற்குக்கூட இப்படி வலிக்கவில்லை. உள்ளே போய், ஊறுகாய் ஜாடியிலிருந்த காரமிளகாயை நசுக்கி, வினிகரோடு ஒரு கிண்ணம் சார்மாலேயின் மேல் கொட்டினாள். கொண்டுவந்து சஃப்தாவின் முன் வைத்தாள்.

“இந்தா, அவருக்குப் பிடிச்ச மாதிரி. மிச்சம் வைக்காதே.”

படையலை வேண்டாம் என்றால் செத்தவன் பட்டினி கிடப்பான். சஃப்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு தின்றாள். பாதியில் கண்ணும் மூக்கும் ஒழுகின. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு மேசையிலிருந்த பால் குவளைக்குக் கை நீட்டினாள்.

அக்லாயா குவளையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.