மூடாத துளை

ராபியா அடுப்பில் வைத்த பால் இன்றும் திரிந்துபோனது. கோளாறு பாலில் இல்லை, அதில் கலந்த தண்ணீரில். கடப்பாக்கத்தில் அவர்கள் தெருவே குடிக்கும் கிணற்றுத் தண்ணீர் சில நாளாக உப்புக் கரிக்கிறது.

"கலையரசனோட எறா குட்டையில நிக்கிற உப்புத்தண்ணியாலதான் மச்சான் இவ்ளோ பேஜாரு. இன்னிக்கி கரைய ஒடச்சிடலாம், வாங்க," என்று கடப்பாரையோடு வந்து நின்றான் ராபியாவின் தம்பி அயாஸ். அவள் கணவர் பஷீருதீன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

நெய்வேலியில் கிணற்றுக்குத் துளை போடப்போய் நிலக்கரி அகப்பட்டது ஊரறிந்த கதை. நம் மண்ணிலும் கிடைக்காதா என்று இந்தக் கரையோரத்தில் எல்லோருக்கும் ஒரு நப்பாசை. போன வருஷம் ஒரு கம்பெனி வந்து சவுக்குத்தோப்பில் துளை போட்டது. பஷீருதீன்தான் மேஸ்திரி. கரி வரவில்லை, ஆழத்திலிருந்து உப்புத்தண்ணீர் ஏறி வந்தது. அப்படி வந்தால் துளையை அடிவரை சிமெண்ட் ஊற்றி அடைக்க வேண்டும். அதற்கென்று இறக்கிய மூட்டைகளை வைத்து மனிதர் தன் வீட்டுக்கு மாடி எடுத்தார். துளையின் வாயில் கோணியைத் திணித்து மேலே மண்ணைத் தள்ளினார். சரிபார்க்க வந்த அதிகாரி பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார். ஊரான் சொத்து என்றால் நம் ஆட்களுக்குக் கை தானாக நீளும்.

குட்டைக்கரையில் தெருவே கூடியிருந்தது. கலையரசன் குறுக்கே நின்று கெஞ்சினான்.

"எறா புடிக்கிற நேரம் பாய். கரைய ஒடச்சா என் பொழப்பே பூடும். நீங்களாவது சொல்லுங்க."

பஷீருதீன் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அயாஸ் குத்திய முதல் குத்தில் கரை மண் சரிந்தது.

ராபியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கணவரிடம் வந்தாள். "நம்ம மாடிக்கு சிமெண்ட்டு எங்கேந்து வந்துச்சுன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

பஷீருதீன் மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"கடப்பாரைய போடு அயாஸு. கரி தேடின தொளைய நான் அடைக்கல. அதுல ஏறின உப்புதான் கெணத்துல கீது."

அயாஸ் கடப்பாரையைப் போடவில்லை. அவர் பக்கம் ஓங்கினான். கலையரசன்தான் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான்.

"அவர அடிச்சா தண்ணி நல்லாயிடுமா? மொதல்ல தொளைய அடைக்கலாம், வா."

பஷீருதீன் கலையரசனின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"ஊரு தண்ணிய காக்க வந்த சிமெண்ட்டுல வூடு கட்டினேன். என் அடுப்புலயே பால் திரிஞ்சிது. ஊருக்குப் பண்ற துரோகம் நம்ம வூட்ட மட்டும் வுட்டுட்டுப் போவாதுப்பா."