மூன்றாவது வாளி

மண் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது இறங்கியதும் இன்னொரு வாளி. அதுவும் இறங்கியதும் மூன்றாவது. மூன்றாவது வாளி இறங்கும் வேகத்தைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் வாளியை நம்பவே கூடாது. "நாலு நாள் பட்டினி கிடந்தவன் முதல் தட்டை எப்படிக் காலி பண்றான்னு பார்த்துட்டு, தினமும் இப்படித்தான் சாப்பிடுவான்னு சொல்லுவீங்களா?" என்று அக்கா எல்லாரிடமும் கேட்பாள்.

வேலை நடக்கும் இடத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான். கொத்தனார் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவள் இன்ஜினியர். பழைய அடுக்குமாடிகளின் சிமெண்ட் முற்றத்தை வெட்டியெடுத்து, மொட்டைமாடியில் விழும் மழை தெருச் சாக்கடைக்கு ஓடாமல் அங்கேயே இறங்கும்படி தோட்டம் அமைப்பது அவள் வேலை. பார்க்கிறவர்களுக்கு அது செடிகள் நிற்கும் ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஆனால் அடியில் ஜல்லி, அதன்மேல் மணல் கலந்த மண், அதற்குமேல் வேர் ஆழமாகப் போகிற செடிகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. மழையில் பள்ளம் நிரம்ப வேண்டும், மறுநாளைக்குள் காலியாக வேண்டும். அடிமண் மெதுவாகக் குடிக்கிற ரகமாக இருந்தால், ஜல்லிக்குள் ஓட்டை போட்ட குழாய் ஒன்றைப் பதித்து மிச்சத்தைச் சாக்கடைக்கு அனுப்பிவிடலாம்.

இந்தக் கட்டடத்தில் அவள் குழாய் வைக்கவில்லை.

"குழாய் வேண்டாமாக்கா?" என்று தம்பி அப்போதே கேட்டான்.

"இந்த மண்ணுக்கு எதுக்குடா? நம்பரைப் பாரு."

நம்பர் நன்றாகத்தான் இருந்தது, ஏனென்றால் அது முதல் வாளியின் நம்பர். மண்ணைச் சோதித்த அன்று நாலு மணிக்குக் குடியிருப்போர் கூட்டம். காய்ந்து கிடந்த மண் முதல் வாளியை மடக்மடக்கென்று குடித்தது. இரண்டாவதை ஊற்றிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் நின்றது. படிவத்தில் மீதியிருந்த இரண்டு கட்டங்களிலும், கொஞ்சம் கொஞ்சம் குறைத்து, நம்பும்படியாக அவளே எழுதிக்கொண்டாள். கூட்டத்தில் கைதட்டினார்கள்.

தோட்டம் முடிந்த பிறகு இரண்டு நாள் அடுத்தடுத்து மழை. முதல் நாள் தண்ணீர் இறங்காததால் இரண்டாம் நாள் தண்ணீருக்கு இடமில்லை. அது தரைத்தளத்துத் தையல்காரம்மா வீட்டுக்குள் நுழைந்தது. தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைகளில், நீலப் பாவாடைகளின் சாயம் வெள்ளைச் சட்டைகளில் இறங்கியிருந்தது.

"தண்ணி குடிக்கிற தோட்டம்னீங்க, இப்ப நீச்சல் குளமா நிக்குதே" என்றார் குடியிருப்பின் செயலாளர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அடிமண் இறுகியிருக்கும் சார். வேலை நடக்கும்போது யாராவது உள்ள இறங்கி மிதிச்சா இப்படி ஆகும்" என்றாள் அக்கா.

பொதுவாக அது உண்மைதான். அதனாலேயே வாயிலிருந்து அவ்வளவு எளிதாக வந்தது.

தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று. "நான்தான் சார். கல்லு அடுக்க ரெண்டு தடவை இறங்கினேன்."

பிறகு ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். படிக்காதவனிடம் கொடுத்தால் இப்படித்தான் என்றார் ஒருவர். அக்கா பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். பையில் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போனபோது தம்பி தனியாகப் பள்ளத்தைத் தோண்டிக்கொண்டிருந்தான். செடிகளை நிழலில் வரிசையாக வைத்து, வேர்களை ஈரச் சாக்கால் மூடியிருந்தான். ஜல்லி ஒரு பக்கம், மண் ஒரு பக்கம்.

"விடியறப்பவே வந்துட்டாரு. டீ குடுத்தா வேண்டாங்கறாரு. என் வீட்டு டீயைக் குடிக்க அவருக்கு மூஞ்சி இல்லையாம்" என்றாள் வாசலில் நின்ற தையல்காரம்மா.

"வாக்கா" என்றான் தம்பி. "நீ சொல்லிக் குடுத்த மாதிரியே மூணு வாளியும் ஊத்திட்டேன். மூணாவது முக்கால் மணி நேரமா நிக்குது. ஒன்றரை அடி கிளறியும் இறங்கலைன்னா நான் மிதிச்சது எவ்வளவு ஆழம் போயிருக்கு பாரு! எருமை மாதிரி நின்னிருக்கேன்."

ஒரு ஆள் மிதித்தால் ஒரு சாண் இறுகும், அதற்கு மேல் போகாது. அவன் விரல்களில் ஒட்டியிருந்த மண் உருட்டினால் நூலாகத் திரிகிற களிமண். இதெல்லாம் அவனுக்கும் தெரியும். வேறு யார் எழுதிய நம்பராக இருந்தாலும் இதற்குள் சந்தேகப்பட்டிருப்பான்.

அவள் பள்ளத்துக்குள் கால் வைக்கப் போனாள்.

"இறங்காதேக்கா, மறுபடி இறுகிடும்!"

கால் அந்தரத்திலேயே நின்றது. காதுமடல் சுட்டது.

"நீ மிதிச்சதால இல்லடா. இந்த மண்ணே இப்படித்தான். அன்னைக்கு நான் முதல் வாளியோட விட்டுட்டேன். மத்த ரெண்டு நம்பரும் நானா எழுதினது."

"காலங்காத்தால கிண்டலா?" என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

தையல்காரம்மா படியிறங்கி வந்தாள். "அவசரத்துல தப்பு யாருக்கும் வரும். ஆனா நாலு பேர் இந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசினப்போ நீங்க பக்கத்துலதானேம்மா நின்னீங்க?"

"ஆமா."

தம்பி மேலே ஏறி வந்து வாளியில் கை கழுவினான். ஒவ்வொரு விரலாக, வெகுநேரம்.

"குழாய்க்கு எத்தனை அடி நீளம் வெட்டணும்?"

"பதினெட்டு."

"வெட்டித் தர்றேன். மேல போய் அவங்ககிட்ட சொல்லு. நான் கூட வரமாட்டேன்."

நாலு மாடி. செயலாளர் கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தார். "வாங்க வாங்க! இப்பதான் வீட்டுல பேசிக்கிட்டிருந்தோம். தம்பிங்கறதுக்காக நீங்க ரொம்பப் பொறுத்துப் போறீங்கம்மா. அடுத்த கட்டடத்துக்காவது வேற கொத்தனாரைப் பாருங்க. உங்க பேரு கெட்டுடப் போகுது. உட்காருங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"நின்னுகிட்டே சொல்லிடறேன் சார்" என்றாள்.