அறுபது புள்ளி விமானம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஓசியில் கிடைத்தது. போர் விமானம், துரோகம், வாரா வாரம் கடைசி வரியில் ஒரு திடுக் என்று ஒரு தொடர் எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னல் ஓர இருக்கை மட்டும்தான்.

"விமானத்துக்கு விலை வைக்கிறதே என் வேலைதான், மச்சான்," என்றார் தங்கையின் கணவர்.

"எந்த ராணுவத்துக்கு, மாப்பிள்ளை?"

"ராணுவமா? ஆன்லைன் விளையாட்டுக்கு."

அன்றே ஒரு தொடக்கம் எழுதினேன்:

[நீலவானத்தை இரண்டாகக் கிழித்துக்கொண்டு அந்த இரும்புப் பறவை—]

இரும்புப் பறவையாம்! தூக்கிவிட்டேன். ஆனால் உங்கள் கண்ணில் படட்டும் என்று அழிக்காமல் வைத்திருக்கிறேன். இதைத்தானே வருஷக்கணக்காக விரும்பிப் படித்தீர்கள்?

2

சண்டைக்கு முன் விதி. (கொட்டாவி வேண்டாம், ஒரு பத்திதான்.) ஓர் அணிக்கு நூறு புள்ளி. அதற்குள் ஆறு பேரும் ஆளுக்கொரு விமானம் எடுக்க வேண்டும். சாதா விமானம் பத்துப் புள்ளி. அரிய விமானம் ஒன்று உண்டு. எப்போதோ ஒரு போட்டியில் ஜெயித்த சிலருக்குக் கொடுத்தது, இனி யாருக்கும் கிடைக்காது. அதற்கு முப்பது.

அதில் ஏறுகிறவர்கள் அடிக்கடி ஜெயித்தார்கள். ஆகவே விமானம் பலசாலி என்று முடிவுகட்டி மாப்பிள்ளை புள்ளியை ஏற்றினார். சுமாராக ஓட்டியவர்கள் கட்டுப்படியாகாமல் இறங்கிக்கொண்டார்கள். மிஞ்சிய கெட்டிக்காரர்கள் முன்னைவிட அதிகமாக ஜெயித்தார்கள். "பாத்தீங்களா, இன்னும் மலிவாத்தான் இருக்கு," என்றார் மேலாளர்.* மறுபடி ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் பேர் இறங்கினார்கள். வெற்றி விகிதம் இன்னும் எகிறியது.

எல்லோரும் படித்தவர்கள். குளிரூட்டிய அறை, சுவர் அகலத்துக்கு வரைபடம். விமானம் வேறு, ஓட்டுகிற ஆள் வேறு என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. சமையல் ருசிக்கிறது என்று கரண்டிக்கு வரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அதை ஓட்ட ஒரே ஓர் ஆள் மிஞ்சினார். விலை ஐம்பது. திங்கட்கிழமை முதல் அறுபது. அணியில் ஒருவர் விமானம் இல்லாமல் நடந்துதான் வர வேண்டும்.

* இவரை வில்லனாக்கப் படாதபாடு பட்டேன். எதைக் கேட்டாலும் "டேட்டா என்ன சொல்லுது?" என்கிறார். வில்லனுக்குக் கொஞ்சமாவது சுயபுத்தி வேண்டாமா?

3

அந்த ஒரே ஆள் என் தங்கை.

(பத்திரிகையாக இருந்தால் இதை ஆறு வாரம் இழுத்திருப்பேன். போகட்டும்.)

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். கல்யாணத்துக்கு முன்பே ஜெயித்த விமானம் அது. ஊழியர் குடும்பத்தார் யாரும் ஆடக்கூடாது என்பது கம்பெனி விதி. கண்டுபிடித்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள். அதனால் புருஷனுக்குத் தெரியாமல் பறந்துகொண்டிருந்தாள்.

"பேசாம அவர்கிட்ட சொல்லிடேன்," என்றேன்.

"சொன்னா அவர் ஆபீஸ்ல சொல்லியாகணும். மறைச்சார்னா அவர் வேலை காலி."

"அப்போ சாதா விமானத்துல ஏறித் தொலை."

"புரியாம பேசாதண்ணா. வகுப்புல நான் திரும்புன்னு சொன்னா வைப்பரைப் போடுறாங்க. அங்க நான் திரும்புன்னா அஞ்சு பேரும் திரும்புறாங்க. ஏன்னா அது ஒண்ணுதான் அவ்வளவு உசரத்துக்கு ஏறும், மேல நின்னு எல்லாத்தையும் பார்ப்பேன். அது இல்லன்னா நான் எதுக்கு? அறுபதாச்சுன்னா வேற ஆளைப் போடுவேன்னு கேப்டன் சொல்லிட்டான். இறுதிப் போட்டி அடுத்த வாரம்."

4

ஞாயிறு மதியம். தட்டுக்குப் பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளை நிம்மதியாக ஏப்பம் விட்டார். "நாளைக்கு அறுபது. அதோட அந்த ஆள் கதை முடிஞ்சுது."

"ஒரு தடவையாவது அதை ஓட்டிப் பாத்திருக்கீங்களா?" என்றாள் தங்கை.

"எதுக்கு? அதான் வரைபடம் இருக்கே."

"என் தொடருக்காக ஓட்டுங்க, மாப்பிள்ளை," என்று நான் கொளுத்திப் போட்டேன்.

அலுவலகச் சோதனைக் கணக்கில் ஏறினார். ஓடுபாதை முடிவதற்குள் இறக்கை தரையைத் தேய்த்தது. "நெட் சரியில்ல." மறுபடி ஏறினார். பாதி உயரத்தில் இன்ஜின் கொதித்து நின்றது. "மவுஸ் சரியில்ல." மூன்றாம் முறை ஒரு மரத்தைத் தேடிப் போய் மோதினார்.

"நாற்காலி எப்படி, சரியா இருக்கா?" என்றேன்.

[அவள் கண்களில் நெருப்புப் பொறி—] பொறியுமில்லை, புகையுமில்லை. தப்பான கியரைப் போடுகிறவர்களை அவள் பார்க்கும் வழக்கமான பார்வைதான்.

"நகருங்க."

இன்ஜினை ஆறவிட்டு ஆறவிட்டு, அவசரமே இல்லாமல் உயரம் பிடித்தாள். எதிரி பின்னால் ஒட்டியதும் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி, இன்ஜினை அணைத்துக் கல்லாக விழவிட்டாள். எதிரி கடந்துபோனதும் முடுக்கி, அவன் வாலைப் பிடித்தாள்.

மாப்பிள்ளை திரைக்குக் கிட்டே குனிந்தார். அந்தப் புரட்டலை அலுவலகப் பதிவுகளில் பார்த்துப் பார்த்து அவருக்கு மனப்பாடம். உலகத்திலேயே ஓர் ஆள்தான் அப்படிப் புரட்டுவார்.

"நீயா?"

"உசரம் ஏறுறதைத் தவிர விமானம் வெறும் டப்பாங்க. நான்தான் நல்லா ஓட்டுறேன்."

5

முடிவு அ: விலையை முப்பதுக்கு இறக்குகிறார். மேலாளர் காரணம் கேட்பார். விமானமில்லை, ஓட்டுகிற ஆள்தான் கெட்டி என்றால் எப்படித் தெரியும் என்பார், சொன்னால் அவள் கணக்கு காலி. மழுப்பி மாட்டிக்கொண்டால் இவர் வேலை காலி.

முடிவு ஆ: அறுபது. அணி அவளைக் கழற்றிவிடும். மேலாளரின் வரைபடம் சமதரையாகி, எல்லோரும் கைதட்டுவார்கள்.

முடிவு இ: [ராஜினாமாவை மேலாளர் முகத்தில் விசிறியடித்துவிட்டு, கொட்டும் மழையில் அவர்—] வீட்டு வாடகை கட்டுகிற எவரும் இதை நம்ப மாட்டார்கள்.

நான் எதையும் எழுதப்போவதில்லை. இவ்வளவு நேரம் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்த மகா புத்திசாலி நீங்கள்தானே? வாருங்கள், அவர் நாற்காலியில் உட்காருங்கள். திங்கட்கிழமை காலை. திரையில் விலை போட வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. உங்கள் தோளுக்குப் பின்னால் மேலாளர் வந்து நிற்கிறார். மேசையில் போன் அதிர்கிறது, எடுக்கிறீர்கள். எதிர்முனையில் என் தங்கை.

"போட்டாச்சா? எவ்வளவு?"