ஒன்பதாவது கட்டம்

"முழுசா ஆடிப் பார்த்தீங்களா?" என்று விளையாட்டுக்கூடக்காரர் கேட்டார். அதே வீடியோ கேம் போர்டை மூன்றாவது முறையாக என் மேஜைமேல் வைத்திருந்தார். பார்த்தேன் என்று தலையாட்டினேன். மூன்றாவது கட்டம் வரை பார்த்தது உண்மைதான். அதற்கு மேல் எனக்கு ஆடவே வராது என்பதைப் பதினெட்டு வருடத் தொழிலில் எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை, நானும் வாயைத் திறந்ததில்லை.

ஆள் உயர வீடியோ கேம் பெட்டிகளின் வயிற்றுக்குள் இருக்கும் பழைய போர்டுகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. செத்த போர்டு என்று மற்றவர்கள் கைவிட்டதெல்லாம் என்னிடம் வரும். எந்த ஐசி அளவுக்கு மேல் சுடுகிறது என்று விரல் வைத்தே சொல்லிவிடுவேன். ஆனால் விளையாட வேண்டும் என்று வந்துவிட்டால் என் கண் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். மூன்று உயிரும் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். படம் நன்றாக வருகிறது, சத்தம் கேட்கிறது, பட்டன் வேலை செய்கிறது, போதும் என்று 'சோதிக்கப்பட்டது' சீட்டை ஒட்டி அனுப்பிவிடுவேன்.

விளையாட்டுக்கூடக்காரர் கோபப்படவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. முதல் முறை போர்டு உயிரே இல்லாமல் வந்தது. ஐசிகள் உட்காரும் துருப்பிடித்த சாக்கெட்டுகளை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிது போட்டு ஓட வைத்தேன். இரண்டாவது முறை படம் உடைகிறது என்றார், சந்தேகப்பட்ட ஒரு மெமரி ஐசியை மாற்றினேன். இப்போதுதான் முழு விவரமும் வந்தது. எட்டாவது கட்டம் வரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறதாம். ஒன்பதாவதுக்குள் நுழைந்ததும் எதிரிக் கப்பல்கள் கோடுகோடாகச் சிதறிவிடுகின்றனவாம். ஞாயிற்றுக்கிழமை கூடத்தைப் புதுப்பித்துத் திறக்கிறார், வாசலில் நிற்கப்போவதே இந்தப் போர்டு போகும் பெட்டிதான். இந்த முறையும் சரியாகவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் ஆடினேன். நாலாவது கட்டத்தை ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்தேன். சில போர்டுகளில் சாகாமல் ஆட ஒரு சுவிட்ச் இருக்கும், இதைச் செய்த புண்ணியவானுக்கு அந்த இரக்கம் இல்லை. ஒன்பதாவது கட்டத்துக்குப் போகக்கூடிய ஒரே ஆளை எனக்குத் தெரியும். அவளோடு எனக்கு இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை.

அவள் என் அக்கா. பதினேழு வயதில், டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கடைத்தெருவின் கேம் சென்டரில் நின்றவள். பையன்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் கூடுவார்கள். கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வர என்று அனுப்பப்பட்ட தங்கை எனக்கு மட்டும் அந்த ரகசியம் தெரியும். முப்பது வருடம் கட்டிக் காத்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், அவளுடைய சம்பந்தி வீட்டார் சாப்பிட வந்திருந்த அன்று, பேச்சுவாக்கில் எடுத்து விட்டுவிட்டேன். "எங்க அக்கா டைப்பிங் படிச்ச லட்சணம் தெரியுமா?" என்று ஆரம்பித்து, கையைக் காலை ஆட்டி நடித்தும் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா தண்ணீர் எடுத்துவரப் போகிறவள் போல எழுந்து போனாள், நான் கிளம்பும் வரை சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அவளுடைய ஒரே பெருமையை நான் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டேன் என்பது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. அதற்குள் அவள் என் போனை எடுப்பதை நிறுத்தியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் கணவருக்குப் போன் போட்டேன். மாமா எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னேன். அப்படியே, அன்றைக்கு நான் பேசியது தப்பு, அதை அவளிடம் சொல்ல இவ்வளவு நாள் எனக்குத் தைரியம் வரவில்லை என்றும் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல. பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"நான் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போனவ, எனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு சொல்லுங்க அவகிட்ட."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வாசலில் கார் நின்றது. இறங்கிய அக்கா என்னைப் பார்க்காமல் உள்ளே வந்தாள், வளையல்களைக் கழற்றி மாமாவின் சட்டைப்பையில் போட்டாள், மேஜைமேல் திறந்து கிடந்த போர்டோடு இணைத்திருந்த ஜாய்ஸ்டிக்கைக் கைக்குட்டையால் துடைத்தாள். ஒன்பது என்ற எண்ணைக் கேட்டதிலிருந்து ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள் என்று மாமா என் காதோடு சொன்னார். அந்தக் காலத்தில் இதே ஆட்டத்தில் அவள் எட்டோடு நின்றவளாம். எனக்கே தெரியாத கணக்கு அது.

முதல் ஆட்டத்தில் இரண்டாவது கட்டத்திலேயே செத்தாள். குச்சி இடது பக்கம் இழுக்கிறது என்று மாமாவிடம் சொன்னாள், மாமா என்னிடம் சொன்னார். எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு அடிதான் இருந்தது. நான் குச்சியின் திருகை முறுக்கினேன். இரண்டாவது ஆட்டத்தில் ஐந்து. மூன்றாவது ஆட்டத்தில் அவள் தோள்கள் இறங்கின, வாய் லேசாகத் திறந்தது, எனக்கு அந்த முகம் தெரியும். ஆறு, ஏழு என்று போய்க்கொண்டே இருந்தாள். எட்டாவது கட்டத்தில் ஒரு உயிர் போனபோது மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டின் கடைசிக் கப்பல் வெடித்ததும் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது.

ஒன்பது தொடங்கியது. விளையாட்டுக்கூடக்காரர் சொன்னபடியே எல்லாம் கோடுகோடாகச் சிதறியது. எது கப்பல், எது குண்டு என்று தெரியவில்லை. அக்கா அவற்றின் அசைவை மட்டும் வைத்து, குத்துமதிப்பாகத் தப்பித்துக்கொண்டிருந்தாள். இருப்பது ஒரே உயிர். நான் மரக்குச்சியை எடுத்துப் படங்களைச் சேமித்து வைத்திருக்கும் ஐசிகளை வரிசையாகத் தட்டினேன். ஐந்து வரை ஒன்றும் இல்லை. ஆறாவதைத் தட்டியதும் கப்பல்கள் ஒரு நொடி முழுசாகத் தெரிந்து மறைந்தன. கட்டைவிரலால் அழுத்தினேன். திரை கழுவி விட்டதுபோல் பளிச்சென்று ஆனது.

அது நான் போட்ட சாக்கெட். புத்தம் புதிதாகப் பளபளத்ததால் இத்தனை நாளும் நான் சந்தேகப்படாத சாக்கெட். அதன் ஏதோ ஒரு காலை ஈயம் வைத்துப் பற்றவைக்க மறந்திருக்கிறேன், அழுத்தினால் ஒட்டுகிறது, விட்டால் விலகுகிறது. கடைசிக் கட்டங்களின் படங்கள் மட்டும் அதில் இருந்ததால், மூன்றோடு சாகிற எனக்கு அது தெரிய வழியே இல்லை. வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டு நிமிட வேலை. கண்டுபிடித்தாயிற்று, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். மாமா அக்கா பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

"கைய எடுக்காதடி," என்றாள் அக்கா.

மாமாவிடம் அல்ல. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, ஆனால் சொன்னது என்னிடம். மாமா திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"எடுக்கலக்கா," என்றேன்.

பத்தாவது கட்டம் வந்தது. அதுவரை கறுப்பாக இருந்த வானம் அதில் கருநீலம், நாங்கள் இருவருமே பார்த்திராத நீலம். மாமா நாற்காலியை எடுத்துவந்து அக்காவுக்குப் பின்னால் போட்டார். அவள் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதைத் தூக்கி என் பக்கம் போட்டார். என் விரல் மரத்துப்போய்விட்டது. உட்கார்ந்தால் கை எட்டாது என்பதால் மேஜைமேல் பாதி சாய்ந்து, மற்றக் கையால் கட்டைவிரலைத் தாங்கி அழுத்திக்கொண்டு நின்றேன். அந்த நீல வெளிச்சம் அக்காவின் பல் வரை விழுந்துகொண்டிருந்தது.